சட்டை யார் கொடுத்தது?

ஆள் பாதி, ஆடை பாதி என்பது நம்மவர் பழமொழி. அதை முதலில் சொன்னவர் செல்வராகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆடையில்லாதவனை அரை ஆளாக்கிவிடும் பழமொழியை ஏழை எவனும் சொல்லியிருக்க மாட்டான். நம் நாட்டிலே ஆடை என்பது வெயிலுக்கும் குளிருக்கும் மட்டும் ஏற்பட்டதன்று. இன்னார் இன்னது உடுக்கலாம், இன்னார் உடுக்கலாகாது என்று கோடு கிழித்து வைத்திருந்தார்கள். தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மூடிக்கொள்வதற்கே பல ஆண்டுகள் அடியும் உதையும் பட்டு, 1859ஆம் ஆண்டிலேதான் சர்க்கார் உத்தரவு பெற்றனர். கடல் கடந்து வந்த பின்னும் அந்த வழக்கம் முற்றும் தொலைந்துவிடவில்லை. துரையையும் கங்காணியையும் கண்டவுடன் தோள்துண்டை இடுப்புக்கு இறக்கிய தலைமுறை நமக்கு வெகு தூரத்தில் இல்லை. ஆகவே, ஒரு சட்டையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவது அற்ப விஷயம் என்று நேயர்கள் எண்ணலாகாது.

நான் எழுதப் புகுவது கால்பந்துச் சட்டையைப் பற்றி. அதிலும் ஒரு நாட்டின் பெயரால் ஆடுகிற பதினொருவர் உடுத்தும் சட்டை. நாடு என்பது கண்ணுக்குத் தெரியாத பொருள். சட்டம், எல்லை, சர்க்கார், வரி என்று அதைப் பல விதமாகச் சொல்லலாம். ஆனால் ஏழு வயதுக் குழந்தைக்கு நாடு என்றால் என்ன என்று காட்ட வேண்டுமானால் ஒரே நிறச் சட்டையில் பதினொரு பேர் வரிசையாக நிற்பதைக் காட்டினால் போதும். அந்தச் சட்டையின் ஒரு பக்கத்தில் நாட்டின் சின்னம் இருக்கிறது; மறுபக்கத்தில் ஒரு வியாபாரியின் சின்னம் இருக்கிறது. இரண்டும் நெஞ்சுக்கு நேரே. இந்த இரண்டாம் சின்னம் எப்படி அங்கே வந்தது, அதற்காக யார் யாருக்கு என்ன கொடுத்தார்கள் என்பதே என் விசாரணை.

முதலில் ஜெர்மனிக் கதையைச் சொல்லிவிடுகிறேன், அதுதான் உலகமெல்லாம் பேசப்பட்டது. 2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 21ஆம் நாள் ஜெர்மன் கால்பந்துச் சங்கம் ஓர் அறிக்கை வெளியிட்டது. எழுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தங்களோடு இருந்த அடிடாஸ் கம்பெனியை 2026ஆம் ஆண்டு முடிவில் விட்டுவிட்டு, 2027 முதல் 2034 வரையில் அமெரிக்காவின் நைக்கி கம்பெனியின் சட்டையை அணியப்போகிறோம் என்பதே அதன் சாரம். அடிடாஸ் என்பது ஹெர்ட்ஸோகனௌராஹ் என்ற சிற்றூரில் அடோல்ப் டாஸ்லர் என்னும் செருப்புத் தொழிலாளியின் பட்டறையிலிருந்து வளர்ந்தது. அவருடைய அண்ணன் ருடால்ப் சண்டையிட்டுப் பிரிந்து, அதே ஊரில் ஆற்றுக்கு மறு கரையில் பூமா கம்பெனியை ஏற்படுத்திக்கொண்டார். 1954ஆம் ஆண்டு பெர்ன் நகரிலே உலகக் கோப்பை இறுதிப் பந்தயத்தன்று மழை கொட்டியது. டாஸ்லர் செய்து கொடுத்த பூட்ஸுகளின் அடிக்குமிழ்களைத் திருகிக் கழற்றி, நீளமான குமிழ்களை மாட்டிக்கொள்ளலாம். சேற்றில் வழுக்காமல் ஆடிய ஜெர்மானியர் ஹங்கேரியை மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் வென்றனர். யுத்தத்தில் தோற்று, உலகத்தின் வெறுப்பைச் சுமந்து நின்ற ஒரு ஜனத்திற்குத் தலைநிமிர ஒரு நாள் கிடைத்தது. அந்த நாளோடு சேர்ந்துவிட்ட மூன்று கோடுகளை எப்படி விடுவது?

அப்போதைய பொருளாதார மந்திரி ராபர்ட் ஹாபெக், மூன்று கோடு இல்லாத ஜெர்மன் சட்டையைத் தம்மால் எண்ணிப் பார்க்கவே முடியவில்லை என்றும், சங்கத்தாரிடம் இன்னும் சற்று நாட்டுப்பற்றை எதிர்பார்த்ததாகவும் சொன்னார். சங்கமோ, நைக்கி கொடுத்ததே மிகச் சிறந்த தொகை, அதைக் கொண்டே ஊரூராய்ச் சிறுவர் ஆட்டத்தை நடத்த வேண்டியிருக்கிறது என்று பதிலிறுத்தது. ஆண்டுக்குச் சுமார் ஐந்து கோடி யூரோ கொடுத்து வந்த இடத்தில், புதியவர் சுமார் பத்துக் கோடி கொடுக்கிறார் என்று அந்நாட்டுப் பத்திரிகைகள் எழுதின.

கணக்கெழுதிப் பிழைக்கும் எனக்கு மந்திரியின் பேச்சைப் படித்தபோது சிரிப்பு வந்தது. அடிடாஸ் ஆனாலும் நைக்கி ஆனாலும் சட்டையும் பூட்ஸும் பெரும்பாலும் தைக்கப்படுவது வியட்நாம், இந்தோனேசியா, கம்போடியா போன்ற ஆசிய நாடுகளிலேதான். தையல் இயந்திரத்தின் முன்னே குனிந்திருக்கும் பெண்ணுக்கு மூன்று கோடு தைத்தாலும் கூலி அதுதான், வளைந்த குறி ஒட்டினாலும் கூலி அதுதான். லாபம் எந்த ஊரில் போய்ச் சேருகிறது என்பதற்கு நாட்டுப்பற்று என்று பெயரிட்டால், அந்தப் பற்றை முதலாளிகள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளட்டும். ஆயினும் மந்திரி சொன்னதில் ஒரு துளி உண்மை இல்லாமல் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எழுபது ஆண்டு உறவு என்பது வெறும் ரசீது அன்று. அந்தத் துளியைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

நிற்க. ஜெர்மனியில் தகராறு எதைப் பற்றி? ஒருவர் ஐந்து கொடுக்கிறார், மற்றொருவர் பத்துக் கொடுக்கிறார், யாரிடம் வாங்குவது என்பதைப் பற்றி. ஒன்றுமே கொடுக்காதவரிடம் பன்னிரண்டு ஆண்டுகள் சட்டை வாங்கி உடுத்திய தேசம் ஒன்று உண்டு. அது நம் முன்னோர் புறப்பட்டு வந்த தேசம்தான்.

இந்தியாவின் கால்பந்து வரலாற்றில் உடையைப் பற்றிய கதை வேடிக்கையானது. 1948ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில், சுதந்திரம் பெற்று ஓராண்டு நிறையாத இந்தியா பிரான்சோடு ஆடியது. ஆட்டக்காரரில் பலர் வெறுங்காலோடு ஆடினர். இரண்டுக்கு ஒன்று என்று தோற்றாலும், இந்தியாவின் அந்த ஒரு கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன் என்பவர். வெள்ளைக்காரப் பத்திரிகைகள் அந்த வெறுங்காலைக் கண்டு வியந்தன; நம்மவரும் அதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டனர். எனக்கு அதில் பெருமை தோன்றுவதில்லை. வேண்டுமென்று பூட்ஸைக் கழற்றியவனும், வாங்க வகையின்றி வளர்ந்தவனும் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றலாம். பார்க்கிறவர்கள் அந்த வேற்றுமையைக் கேட்பதில்லை. பின்னர் 1951இல் தில்லியிலும் 1962இல் ஜகார்த்தாவிலும் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றார்கள்; 1956இல் மெல்போர்னில் நான்காம் இடம் பெற்றார்கள். பிறகு நீண்ட இறக்கம்.

2006ஆம் ஆண்டில் நைக்கி கம்பெனி இந்தியக் குழுவுக்குச் சட்டை கொடுக்க ஒப்பந்தம் செய்துகொண்டது. உலகத்தின் பெரிய கம்பெனி நம் நெஞ்சில் அதன் குறியைப் பொறிக்க ஒப்பியதே பெரிய கௌரவம் என்று கருதப்பட்டது. 2018 முடியும் வரையில் அந்த நீலச் சட்டை தொடர்ந்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் அந்த உரிமைக்காக நைக்கி இந்தியச் சங்கத்துக்குப் பணம் எதுவும் கொடுக்கவில்லை. சட்டை கொடுத்தது; அவ்வளவே. வடிவமும் இந்தியாவுக்கென்று தனியாக வரைந்ததன்று; வேறு பல குழுக்களுக்கும் பொதுவான அச்சில் நீலம் ஏற்றியது. நூறு கோடி ஜனங்களின் பெயரைத் தாங்கும் நெஞ்சு, ஒரு வியாபாரக் குறிக்கு இலவசமாக இடம் கொடுத்து, இடம் கொடுத்ததற்கு நன்றியும் சொல்லிக்கொண்டிருந்தது.

கம்பெனியைக் குறை சொல்வதற்கில்லை. வியாபாரி கேட்ட விலைக்கு மேல் கொடுப்பதில்லை. இங்கே விலையே கேட்கப்படவில்லை. குறை எங்கே என்றால், கொடுப்பதை வாங்கிக்கொள்ளும் அந்தப் பழக்கத்தில். தோட்டத்தில் பிறந்த எவருக்கும் அந்தப் பழக்கம் தெரியும். தீபாவளிக்குத் துரை வேட்டி கொடுத்தார் என்று கையெடுத்துக் கும்பிட்ட தாத்தாவுக்கு, அந்த வேட்டியின் விலை தம்முடைய ஓராண்டு உழைப்பில் எத்தனை நாள் என்று கணக்குப் போடத் தோன்றியதில்லை.

2018ஆம் ஆண்டு டிசம்பரில் அந்தப் பழக்கம் முறிந்தது. சிக்ஸ் பைவ் சிக்ஸ் என்ற, அதிகம் பேர் கேள்விப்படாத இந்தியக் கம்பெனி நைக்கியின் இடத்துக்கு வந்தது. சட்டையும் கொடுத்தது, உரிமைக்குப் பணமும் கொடுத்தது. இந்தியச் சங்கத்துக்குச் சட்டைக்காரர் பணம் கொடுத்தது அதுவே முதன் முறை. இந்தியாவுக்கென்றே தனியாக வடிவம் வரைந்ததும் அதுவே முதன் முறை. புதுச் சட்டை உடுத்திய குழு 2019 ஜனவரி 6ஆம் நாள் அபுதாபியில் ஆசியக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் தாய்லாந்தை நான்குக்கு ஒன்று என்று வென்றது. அந்தக் கோப்பையில் 1964க்குப் பிறகு இந்தியா பெற்ற முதல் வெற்றி அது. சுனில் சேத்ரி இரண்டு கோல்கள் அடித்தார். சட்டைதான் வென்றது என்று நான் சொல்ல வரவில்லை. அடுத்த இரண்டு ஆட்டங்களிலும் அதே சட்டையோடு தோற்று வெளியேறினார்கள். ஆனால் அந்த ஒரு நாள் படத்தைப் பார்த்தபோது நெஞ்சில் இருந்த சின்னக் கம்பெனியின் குறி எனக்கு அசிங்கமாகத் தோன்றவில்லை. இடத்துக்கு வாடகை கட்டி உட்கார்ந்த குறி அது.

சேத்ரியைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2018ஆம் ஆண்டு ஜூனில், மும்பையில் ஏறக்குறைய வெறுமையாய்க் கிடந்த மைதானத்தில் ஆடிய பிறகு அவர் ஜனங்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். எங்களைத் திட்டுங்கள், குறை சொல்லுங்கள், ஆனால் வந்து பாருங்கள் என்பது அதன் கருத்து. அடுத்த ஆட்டத்துக்கு மைதானம் நிறைந்தது. ஒரு தேசத்துக் குழுவின் தலைவன் வாசலில் நின்று ஆள் கூப்பிட நேர்ந்தது ஏன்? ஜனங்களுக்கும் அந்தச் சட்டைக்கும் நடுவே எந்தப் பந்தமும் வளர்க்கப்படவில்லை. மற்ற நாடுகளில் ஆட்டக்காரர் உடுத்துவது சில நூறு சட்டைகள், பார்க்கிறவர் வாங்குவது லட்சக்கணக்கில். அந்த லட்சத்துக்காகத்தான் கம்பெனிகள் கோடிகளைக் கொட்டுகின்றன. வாங்குகிறவன் காசு கொடுத்துக் கூட்டத்தில் ஒருவன் ஆகிறான். கேள்வி கேட்கவும் பாத்தியதை பெறுகிறான்.

நான் சிங்கப்பூரில் ஆங்கிலப் பள்ளியில் படித்தவன். சிராங்கூன் சாலைக்கு அண்மையில் தாய்மாமன் வீட்டில் வளர்ந்தேன். இன்று ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்து ஆபீசில் கிராணியாக இருக்கிறேன். மாதம் இரண்டு முறையாவது பாலம் கடந்து மாமாவைப் பார்க்க வருவது வழக்கம். படிக்கும் காலத்தில் கோல்மன் தெருக் கட்டடங்களில் பந்தாட்டச் சட்டைக் கடைகளை வேடிக்கை பார்ப்பதே எங்கள் பொழுதுபோக்கு. பிரேசிலின் மஞ்சள், அர்ஜென்டினாவின் வெள்ளையும் நீலமும், இங்கிலாந்தின் கிளப்புகள் எல்லாம் தோரணமாகத் தொங்கும். இந்தியா இருக்கிறதா என்று ஒரு கடையில் ஒரு முறை கேட்டேன். கடைக்காரர் உள்ளே போய் ஒரு கிரிக்கெட் சட்டையைக் கொண்டுவந்து விரித்தார். அவர் மேல் பிழையில்லை. உலகம் நமக்கென்று அறிந்து வைத்திருந்தது அதைத்தான்.

மாமாவுக்கோ இந்தக் கவலையெல்லாம் இல்லை. அவர் ஜாலான் புசார் மைதானத்துக்காரர். 1929இல் கட்டிய அந்தப் பழைய மைதானத்தையும், 1973இல் திறந்த காலாங் தேசிய மைதானத்தையும் பற்றிப் பேச ஆரம்பித்தால் சோறு ஆறிப்போகும். எஸ். ராஜகோபால் அடித்த பந்து வாழைப்பழம்போல் வளைந்து போன கதை, சுந்தரமூர்த்தி எதிரிகளைச் சுழற்றி விட்ட கதை, எல்லாம் நேற்று நடந்தவைபோல் வரும். சட்டையில் யார் குறி இருந்தது மாமா என்று கேட்டால், "குறியையா பார்த்தோம் மாப்பிள்ளை? ஆளைப் பார்த்தோம்" என்பார்.

ஆனால் அவர் ஒரு குறியை மறந்ததில்லை. 1996ஆம் ஆண்டில் தென்கிழக்காசிய நாடுகளுக்கென்று ஒரு கோப்பை தொடங்கினார்கள். முதல் பந்தயம் சிங்கப்பூரிலேயே நடந்தது. சிங்கப்பூரில் காய்ச்சும் ஒரு பீரின் பெயரையே அதற்கு வைத்து டைகர் கோப்பை என்றார்கள். 1998இல் ஹனோயில் வியட்நாமை ஒன்றுக்குச் சுன்னமாக வென்று சிங்கப்பூர் அந்தக் கோப்பையைப் பெற்றது. கோல் அடித்தவர் ஆர். சசிகுமார், நம் பிள்ளை. வீட்டில் எல்லோரும் கூத்தாடினார்களாம், மாமாவின் தாயார், என் அம்மாச்சி மட்டும், "பிள்ளை ஜெயித்தது சரி, கோப்பைக்குச் சாராயத்தின் பெயர் எதற்கு?" என்று கேட்டாராம். கள்ளுக்கடையால் தோட்டத்துக் குடும்பங்கள் சீரழிந்ததைக் கண்ணால் கண்டவர் அவர். 2004 பந்தயத்தோடு அந்தப் பெயர் நீங்கியது. 2008 முதல் ஒரு ஜப்பானிய மோட்டார் கம்பெனியின் பெயர் வந்தது. அம்மாச்சி அதைப் பார்க்க இல்லை. யாரிடம் வேண்டுமானாலும் பணம் வாங்கலாமா என்ற அவருடைய கேள்விக்கு இதுவரை எந்தச் சங்கமும் நேராகப் பதில் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

இதற்கிடையில் இந்தியாவின் சட்டை மறுபடியும் கை மாறியது. 2023 செப்டம்பரில் ரிலையன்ஸ் குழுமத்தின் பெர்பார்மாக்ஸ் என்ற பெயர் நெஞ்சில் ஏறியது. சின்னக் கம்பெனி போய், இந்தியாவின் மிகப் பெரிய முதலாளியின் கடை வந்தது. சுதேசிச் சட்டை என்று மகிழலாம் என்றால், ஒரு சங்கடம் உண்டு. இந்தியச் சங்கம் பந்தயம் நடத்தும் வியாபார உரிமைகளை 2010ஆம் ஆண்டிலேயே பதினைந்து ஆண்டுகளுக்கு ரிலையன்ஸ் சார்ந்த ஒரு ஸ்தாபனத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தது. ஆகச் சட்டையும் அந்த வீட்டிலிருந்து, பந்தயமும் அந்த வீட்டிலிருந்து. 2025ஆம் ஆண்டில் அந்தப் பத்திரம் முடியும் தறுவாயில் புதுப்பிப்பு நடக்கவில்லை. நாட்டின் முதல் தர லீக் குறித்த காலத்தில் தொடங்காமல் நின்றது. ஆட்டக்காரர் பலர் பந்தயமில்லாமல் இருந்தனர். இலவசமாகச் சட்டை வாங்கிய காலத்தின் கேடு ஒரு விதம். எல்லாவற்றையும் ஒருவரிடமே வாங்கிய காலத்தின் கேடு வேறு விதம். பிரேசில்காரர் இதை முன்பே அனுபவித்தார்கள். 1996இல் நைக்கியோடு பெருந்தொகைக்கு ஒப்பந்தம் செய்தார்கள். சட்டைக்காரர் ஆட்டத்திலேயே கை வைக்கிறாரோ என்ற சந்தேகம் எழுந்து, பின்னர் அந்நாட்டுப் பார்லிமென்டே விசாரணை நடத்த நேர்ந்தது.

இந்த நிலைமையில்தான் 2025 அக்டோபர் 9ஆம் நாள் இந்தியா சிங்கப்பூருக்கு ஆட வந்தது. 2014இல் திறந்த புதிய தேசிய மைதானத்தில், ஆசியக் கோப்பைத் தகுதிப் பந்தயம். மாமா, அவருடைய பேரன், நான் மூவரும் போனோம். பேரனுக்குப் பத்து வயது. சிங்கப்பூரின் சிவப்புச் சட்டை உடுத்திக்கொண்டான். மாமா வெள்ளை அரைக்கைச் சட்டை. நான் என்ன உடுத்துவது என்று யோசித்து, சாம்பல் நிறத்தில் ஒன்றை மாட்டிக்கொண்டேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் பிழைப்பவனுக்கு அதுவே பொருத்தம் என்று தோன்றியது.

எங்களுக்கு முன் வரிசையில் நீலம் உடுத்திய இளைஞர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தனர். கப்பல் பட்டறையில் வேலை செய்கிறவர்கள். புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்தவர்கள். மறு நாள் வேலை இருந்தும் வந்திருந்தார்கள். அவர்கள் உடுத்தியிருந்தது கால்பந்துச் சட்டை அன்று. இந்தியக் கிரிக்கெட் குழுவின் சட்டை. அதுவும் அசல் அன்று, நகல். ஒருவனோடு பேச்சுக் கொடுத்தேன்.

"தம்பி, இது கிரிக்கெட் சட்டை ஆயிற்றே?"

"ஆமாண்ணே. பந்தாட்டச் சட்டை எங்கே கிடைக்குது? இது தேக்காவிலே பதினஞ்சு வெள்ளி. நீலந்தானேண்ணே!"

அவன் தோளைப் பார்த்தேன். மூன்று கோடுகள். இந்தியக் கிரிக்கெட் குழுவுக்கு 2023 முதல் அடிடாஸ் சட்டை கொடுக்கிறது. ஜெர்மனியின் மந்திரி பிரிய மனமில்லாமல் தவித்த அதே மூன்று கோடுகள், அனுமதியில்லாமல் எங்கோ தைக்கப்பட்டு, 15 வெள்ளிக்கு வந்து, ஒரு கப்பல் பட்டறைத் தொழிலாளியின் தோளில் உட்கார்ந்திருந்தன. மைதானத்தில் ஆடிய பதினொருவர் நெஞ்சில் வேறொரு கம்பெனியின் பெயர். இந்தப் பையனுக்கு அவ்விரண்டு கம்பெனியும் ஒன்றும் விற்கவில்லை, ஒன்றும் கொடுக்கவுமில்லை. ஆனாலும் அவன் தன் ஒரு நாள் ஓய்வைக் கொடுத்துத் தன் நாட்டின் நிறத்தைத் தேடி உடுத்தி வந்திருக்கிறான்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. சிங்கப்பூருக்கு இக்சான் பாண்டி கோல் அடித்தார். ஒருவரை இழந்து பத்துப் பேராய் ஆடிய இந்தியாவுக்குக் கடைசி நிமிஷத்தில் ரஹீம் அலி சமன் செய்தார். முன் வரிசை குதித்தது. பேரன் முகம் வாடினான். "தாத்தா, நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டான். மாமா, "நான் டிக்கெட் வாங்கின பக்கம்" என்றார். ஐந்து நாள் கழித்துக் கோவாவில் சிங்கப்பூர் இரண்டுக்கு ஒன்று என்று வென்றது. நவம்பர் 18ஆம் நாள் ஹாங்காங்கையும் அதே கணக்கில் வென்று, 2027 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. பந்தயம் நடத்தி இடம் பெற்ற 1984ஐ விட்டால், ஆடிச் சம்பாதித்த இடம் இதுவே முதலாவது. பேரன் அன்று தொலைபேசியில் கத்திய கத்து ஜொகூர் வரையில் நேராகவே கேட்டிருக்கும்.

இத்தனையும் எழுதக் காரணம் எங்கள் தோட்டத்துக் குழுதான் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கும் ஒரு கால்பந்துக் குழு உண்டு. நான் அதற்குச் செயலாளர். தோட்டத்தில் இன்று நம்மவர் சிலரே. டிராக்டர் ஓட்டுவோர், மண்டோர், ஆபீசில் நான். பழம் வெட்டுகிறவர்கள் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும். எங்கள் முன்னணி ஆட்டக்காரன் லொம்போக் தீவுக்காரன். பதினோராண்டுகளாக எங்கள் குழுவுக்குச் சட்டை கொடுத்து வருபவர் அண்டை டவுனில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு முதலாளி. முதல் ஆண்டில் கடையின் பெயர் முதுகில் சிறிதாக இருந்தது. இப்போது நெஞ்சு முழுவதும் அதுதான். தோட்டத்தின் பெயர் கைப்பக்கம் ஒதுங்கிவிட்டது. சட்டை கொடுத்தவர் என்பதால், பையன்கள் வேறு கடையில் சாமான் வாங்கினால் அவர் முகம் கோணுகிறது. சென்ற ஆண்டு இறுதியில் மோட்டார் உதிரிப் பாகம் விற்கும் இன்னொருவர் வந்து, சட்டையும் தருகிறேன், பந்தயச் செலவுக்கு ஆண்டுக்கு 1,000 ரிங்கிட்டும் தருகிறேன் என்றார்.

கோயில் பந்தலில் கூட்டம் போட்டோம். நான் கணக்கைப் படித்தேன். பதினெட்டுச் சட்டை, ஒன்று 25 ரிங்கிட், ஆண்டுக்கு 450. நம் லயத்திலிருந்து அந்தக் கடைக்கு ஒரு மாதத்தில் போகும் பணம் அதைப்போல் பல மடங்கு. அவர் கொடுப்பது தானம் அன்று, கழிவு என்றேன். இளைஞர்கள் கை தட்டினார்கள். குழுத் தலைவர் எழுந்தார். டிராக்டர் ஓட்டுகிறவர், என்னைவிட இருபது வயது மூத்தவர்.

"கிராணி ஐயா சொல்ற கணக்கு சரிதான். கொரோனா வந்த வருஷம் நாம ஆடவே இல்லே. அப்பவும் பதினெட்டுச் சட்டை வந்துச்சு. கூடவே முப்பது வீட்டுக்கு அரிசி வந்துச்சு, பேரு போடாத மூட்டையிலே. அதை எந்த வரியிலே எழுதியிருக்கீங்க?"

நான் முன்பு சொன்ன துளி இதுதான். ஜெர்மனியின் மந்திரி இதைச் சொல்லத் தெரியாமல் நாட்டுப்பற்று என்றார். எங்கள் தலைவர் அரிசி என்றார். எனக்கு அவர் பேச்சு விளங்கியது. எழுதாத அரிசியையும் நினைக்க வேண்டும். ஆனால் நினைப்பதற்காக நெஞ்சு முழுவதையும் எழுதிக் கொடுத்துவிட வேண்டுமா? எவ்வளவு காலம்? எத்தனை சட்டையில் அந்தக் கடன் தீரும்? இதை அவரிடமே கேட்டேன். "தீராது ஐயா. ஆனா கேட்கலாம்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையின் மேல் கூட்டம் ஒரு முடிவுக்கு வந்தது. பழைய முதலாளியிடமே முதலில் போவது. பதினோராண்டில் இல்லாத வழக்கமாக ஒரு காகிதத்தில் எழுதிக் கேட்பது. நெஞ்சில் தோட்டத்தின் பெயர், கடையின் பெயர் முதுகில், மூன்றாண்டுத் தவணை, எந்தக் கடையில் எவர் சாமான் வாங்கினாலும் அதற்கும் சட்டைக்கும் சம்பந்தமில்லை, பிள்ளைகளுக்குச் சின்ன அளவில் இருபது சட்டை அடக்க விலைக்கு. கடைசி விதி நான் சேர்த்தது. முன் வரிசைப் பையனின் 15 வெள்ளிச் சட்டையை நினைத்துச் சேர்த்தேன்.

தலைவரும் நானும் லொம்போக் பையனும் கடைக்குப் போனோம். முதலாளி காகிதத்தை இரு முறை படித்தார். "இத்தனை வருஷத்திலே என்கிட்ட யாரும் எழுதிக் கேட்டதில்லையே, தம்பி" என்றார். கோபமா வருத்தமா என்று குரலைக்கொண்டு சொல்ல முடியவில்லை. காகிதத்தை மடித்துப் பற்றுவரவுப் புத்தகத்தின் நடுவே வைத்துக்கொண்டு, எங்கள் மூவருக்கும் தேநீர் வரவழைத்தார். பதில் இன்னும் வரவில்லை. உதிரிப் பாகக்காரர் மாதிரிக்கென்று அனுப்பிய பச்சைச் சட்டை ஒன்று என் ஆபீஸ் சன்னல் கம்பியில் தொங்குகிறது; முன்பணம் வாங்க வருகிற பையன்கள் ஒவ்வொருவரும் கையெழுத்துப் போடுமுன் அதன் துணியை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுக்கிறார்கள்.